அழுக்கும் கீறலும்

சொன்னதையே சொல்பவரைக் ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்று சலித்துக்கொள்வது தமிழில் இன்றும் வழக்கில் உள்ளது. இசைத்தட்டைக் கண்ணால் கண்டிராத மாணவர்களும் அத்தொடரைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகின்றனர். பொருள் மறைந்தபின்னும் சொல் வாழ்வது மொழியியலில் புதிதன்று. எனினும் இத்தொடருக்குள் ஓர் இயற்பியல் உண்மை உள்ளது. கீறல் ஊசியை முந்தைய தடத்துக்கே தள்ளிவிட்டால் அதே சொல் மீண்டும் மீண்டும் ஒலிக்கும். தடத்தைக் குறுக்கே வெட்டிய கீறலாயின், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டில் ஏறத்தாழ 0.77 நொடிக்கு ஒருமுறையும், 33⅓ முறை சுழலும் தட்டில் 1.8 நொடிக்கு ஒருமுறையும் ‘டக்’கென்னும். தூசிக்கு இந்த ஒழுங்கு கிடையாது. நினைத்த இடத்தில் பொரியும். தட்டைத் துடைத்தபின் எஞ்சும் ஒலியைக் கேட்டு, எது அழுக்கு, எது காயம் என்று பிரித்தறிவது இவ்வாறுதான்.

முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பழைய தமிழ் நாடகத் தட்டுகளின் பேச்சொலிகளைக் கொல்கத்தாவில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். தமிழுக்கு இங்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சென்னையில் விற்ற தட்டுகளிற் பல இந்நகரின் டம்டம் ஆலையில் அச்சானவை. அவற்றின் உடலும் இப்பகுதியைச் சார்ந்ததே: சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சிகள் சுரக்கும் அரக்கு, கல்தூள், கரி ஆகியவற்றின் கலவை. 1948இல் அமெரிக்காவில் வினைல் நெடுந்தட்டு வந்தபின்னும் இந்தியாவில் 1960கள் வரை அரக்குத் தட்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன. எனவே நம் வீட்டுப் பரண்களில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

இவ்வேறுபாடு அறியாமல் துடைக்கத் தொடங்குவதே பெருங்கேடு. வினைல் தட்டைத் துடைக்க நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பலர் பரிந்துரைக்கின்றனர். வினைலுக்கு அது ஏற்றதே. ஆனால் அரக்கு ஆல்கஹாலில் கரையும். தச்சர் மெருகெண்ணெய் செய்வது அந்தக் குணத்தை நம்பித்தான். ஒரு தட்டுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சு. கனமாக, வளையாமல், விளிம்பு தடித்து, முகப்பில் 78 என்றிருந்தால் அரக்கு என்றே கொள்ளுங்கள். அதற்குக் காய்ச்சி வடித்த நீரும், மணமோ எண்ணெய்ப்பசையோ சேர்க்காத மென்மையான சோப்புக் கரைசலில் இரண்டொரு துளியும் போதும். குழாய் நீர் வேண்டாம். அதன் உப்பு தடத்திலேயே படியும். தூரிகை தடத்தின் போக்கில் வட்டமாகச் செல்ல வேண்டும். நடுவிலுள்ள காகித முகப்பு நனையக் கூடாது. விரிசலுள்ள தட்டில் ஈரமே ஆகாது. சில தட்டுகளின் உள்ளே காகிதப் படலம் உண்டு, நீர் புகுந்தால் உப்பிவிடும். கழுவியதை ஊறவிடாமல் உடனே ஒற்றி, நிழலில் உலர்த்திப் புதிய உறையிலிட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும். பழைய உறைக்குள் மீண்டும் இட்டால் பூஞ்சணமும் உடன் திரும்பும்.

இவ்வளவும் அழுக்குக்குத்தான். கீறல் என்பது பொருள் பெயர்ந்துபோன இடம். எந்த நீராலும் அது நிரம்பாது. ஆயினும் ஒரு வழி உண்டு. வினைலுக்குரிய ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78க்குரியது சுமார் 65 முதல் 75 மைக்ரான். பழைய எஃகு ஊசிகள் தடச்சுவரின் ஓர் உயரத்தையே தேய்த்திருக்கும். அதைவிடச் சற்றுத் தடித்த அல்லது மெலிந்த ஊசியை இட்டால், தேயாத வேறோர் உயரத்தில் அது படிந்து செல்லும். ஆழமற்ற கீறல்களும் சில வேளைகளில் அவ்வாறு தப்பிவிடும். தட்டை மாற்றாமல் கேட்கும் இடத்தை மாற்றும் இம்முறையை ஒலி ஆவணக் காப்பகங்கள் நெடுங்காலமாகக் கையாள்கின்றன.

இதற்கு மேலும் எஞ்சும் ஒலியை என்ன செய்வது? அண்மையில் ஓர் ஆய்வுக் கலந்துரையாடலில் மூத்த பேராசிரியர் ஒருவர், ‘மென்பொருளால் இரைச்சலை நீக்கிவிட்டு அளக்கலாமே, தம்பி’ என்றார். அன்பான அறிவுரைதான், இருந்தும் என்னால் ஏற்க இயலவில்லை. க, ட, த, ப போன்ற வல்லின ஒலிகள் பிறக்கையில் காற்று வெடித்து வெளியேறும் கணம் சில மில்லி நொடிகளே நீடிக்கிறது. கீறலின் ‘டக்’கும் ஏறத்தாழ அத்தகையதே. கீறலைத் தேடி அழிக்கும் நிரல் வல்லினத்தின் வெடிப்பையும் சேர்த்துச் சீவிவிடக்கூடும். பின்னணி இரைச்சலைக் குறைக்கும் நிரலோ சகரத்தின் உரசலை மெலிவிக்கும். அதன்பின் நான் அளப்பது அந்நடிகரின் நாவையா, நிரலின் ஊகத்தையா? 1930களில் வல்லினம் மெலிந்தே ஒலித்தது என்றொரு ‘கண்டுபிடிப்பு’ அவ்வாறே பிறந்து, மேற்கோளாகி, பாடநூலுக்கும் போய்விடலாம்.

ஆகவே எந்தத் திருத்தமும் செய்யாத முதற்பதிவை மூலப்படியாக வைத்துக்கொள்கிறேன். செம்மை செய்த படி வேண்டுமாயின் தனிக் கோப்பாக, எந்த நிரல், எந்த அளவு என்ற குறிப்புடன் இருக்கட்டும். பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள் வற்புறுத்துவதும் இதுவே. சுவடிப் பதிப்பில் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் மரபு நமக்கு உண்டு. ஒலிக்கும் அந்த நேர்மை வேண்டும்.

நண்பர்கள் வீட்டில் இத்தகைய தட்டுகள் இருப்பின், ‘கீறல், இனி உதவாது’ என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துடைக்கத் தெரியாவிடில் துடைக்காமலேயே வைத்திருங்கள். அழுக்கைப் பின்னொரு நாள் யாரேனும் நீக்கிக்கொள்ளலாம். முகப்பைப் படமெடுத்து எனக்கு அனுப்பினால், அது அரக்கா வினைலா என்பதையாவது சொல்ல முயல்வேன்.