நூறு சுற்றுக் கூரை

எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் ஒன்றேகால் வருஷம் நின்ற அந்தத் தகரப் பெட்டியைப் பற்றிப் பலரும் கேட்டார்கள். டிபன் கடை வண்டியா, கோழி வண்டியா, அமரர் ஊர்தியா என்றுகூட ஒருவர் கேட்டார். இப்போது அது இங்கே இல்லை. அதனால் நிதானமாகச் சொல்லலாம்.

அது ஒரு இழுவண்டி. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போய், நிறுத்திய இடத்தில் கூரையை உயர்த்தி உள்ளே படுத்துக்கொள்ளும் வண்டி. மூடியிருக்கும்போது உயரம் நாலரை அடி. கூரையை இரண்டடி தூக்கினால் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். ஏழு அடி நீளம், ஐந்தடி அகலம். இரண்டு பேர் படுக்கை, ஒரு ஸ்டவ் மேடை, ஒரு தண்ணீர் கேன். அவ்வளவுதான்.

எழுபத்து மூன்று வயதில் இது எதற்கு என்றால், காரணம் என் மனைவி. சுல்தான்பேட்டைப் பக்கம் அவள் பிறந்த தோட்டத்தில் ஒரு ஏக்கரை என் மாமனார் அவள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். வீடும் கிணறும் தம்பிக்கு. எழுதியது தெரிந்த நாளிலிருந்து தம்பி அக்காவிடம் பேசவில்லை. 2019 அது. யார் பக்கம் நியாயம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நான் வீட்டுக்காரன், என் தீர்ப்பு செல்லாது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஏனுங்க, எம்பட காட்டுல ஒரு நா ராத்திரியாவது படுக்கோணும். அவிய வூட்டுத் திண்ணையில இல்லீங்க, எம்பட மண்ணுல."

கொட்டகை போடலாம் என்றேன். ஆளில்லாத கொட்டகையில் ஆறு மாதத்தில் கதவுகூட மிஞ்சாது என்றாள். உண்மைதான். அப்போதுதான் இந்த யோசனை வந்தது.

வானத்திலிருந்து வரவில்லை. 2020-ல் பத்திரிகைகளில் வந்த செய்தி உங்களுக்கும் நினைவிருக்கும். பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு என்ற இளைஞர், கட்டடக்கலை படித்தவர், ஒரு சரக்கு ஆட்டோவின் மேல் ஆறுக்கு ஆறு அடி இடத்தில் படுக்கை, சமையல், குளியல் எல்லாம் வைத்து ஒரு வீடே கட்டியிருந்தார். செலவு சுமார் ஒரு லட்சம் என்று போட்டிருந்தார்கள். அந்தத் தாளை வெட்டி வைத்திருந்தேன். இன்னொன்று என் பழைய படிப்பினால் கிடைத்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிறகு குமாஸ்தாவாக உட்கார்ந்த நாற்காலியில் அந்தப் படிப்பு ஒரு நாளும் உதவவில்லை. ஓய்வுக்குப் பிறகு பிரெஞ்சில் எதையாவது படிப்பது மட்டும் பழக்கமாக ஒட்டிக்கொண்டது. அப்படிப் படித்ததுதான் கோன்ஸ்தான் ரூசோ என்பவரின் கதை. பிரான்சின் மாயேன் ஊரில் மேஜை நாற்காலி செய்த தச்சர். 1961-ல் மடித்து வைக்கக்கூடிய ஒரு கரவான் செய்தார். 'ரப்பிதோ' என்ற பெயரில் அது பெரிய கம்பெனியாகவே வளர்ந்துவிட்டது. தச்சர் ஒருவர் செய்ததை நம் சிங்காநல்லூர் லேத் பட்டறையில் செய்ய முடியாதா?

நம் ஊருக்கும் இது புதிதில்லை என்று சொன்னவள் என் மனைவி. "கூண்டு வண்டின்னா என்னங்க, இதேதானுங்களே" என்றாள். அந்தியூர் குருநாதசாமி பண்டிகைக்கும், கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கும் வண்டி கட்டிப் போனவர்கள் வண்டியிலும் வண்டிக்கு அடியிலும்தானே படுத்தார்கள். அவள் சொன்ன இன்னொரு விஷயம் பிறகு மிகவும் பயன்பட்டது. முன்பாரம். மாட்டு வண்டியில் பாரம் பின்னால் போனால் நுகத்தடி தூக்கி மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்னால் அதிகமானால் மாடு தாங்காது. கார் இழுவண்டிக்கும் அதே கணக்கு. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொக்கியின் மேல் விழ வேண்டும். குறைந்தால் ஓட்டத்தில் பின்பக்கம் பாம்பாக ஆடும். தண்ணீர் கேனை முன்னால் வைத்தது அதனால்தான்.

பட்டறைக்காரத் தம்பிக்கு ஐம்பது வயசிருக்கும். பம்ப்செட் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். ஆர்டர் குறைந்து, மூன்று லேத்தில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. "கூலி அப்புறம் பேசிக்கலாங்க ஐயா, படத்தைக் காட்டுங்க" என்றார். ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் சட்டம். உக்கடத்தில் பழைய ஆம்னி வேனின் பன்னிரண்டு அங்குலச் சக்கரமும் பட்டை ஸ்பிரிங்கும் எடுத்தோம். சட்டம், தகரம், கதவு எல்லாம் இரண்டு மாதத்தில் முடிந்தன. கூரைதான் எட்டு மாதம் தின்றது.

முதலில் கார் டிக்கிக் கதவைத் தூக்கும் கேஸ் குழாய்களை நாலு மூலையிலும் வைத்தோம். கொக்கியை எடுத்ததும் கூரை எகிறி என் தாடையில் மோதியது. மூன்று தையல். சக்தி குறைந்த குழாய் போட்டால் வேறு தொல்லை. ஒரு மூலை முந்தும், இன்னொன்று பிந்தும், கூரை கோணலாகி நடுவில் சிக்கிக்கொள்ளும். தூக்குவது ஒரு பிரச்சினையே இல்லை. நாலு மூலையும் ஒன்றாக ஏற வேண்டும், அதுதான் பிரச்சினை.

வழி கண்டவர் தம்பிதான். நாலு மூலைக் குழாய்க்குள்ளும் நாலு நீளத் திருகு. ஒவ்வொன்றிலும் ஏறும் நட்டு ஒன்று, அதோடு பற்றவைத்த உள்குழாய், அதன் தலையில் கூரை. திருகுகளின் அடியில் ஒரே அளவில் நாலு சைக்கிள் பல்சக்கரம். ஐந்தாவதாகக் கதவுப் பக்கம் கைப்பிடி வைத்த ஒன்று. ஆறு சைக்கிள் செயினை ஒன்றாகக் கோத்து ஐந்தையும் சுற்றிவிட்டார். கைப்பிடியைத் திருகை சுற்றுவதுபோலச் சுற்றினால் நாலு மூலையும் ஒரு நூல் பிசகாமல் ஏறும். அதை முதல் தடவை பார்த்த அன்று நாங்கள் இருவரும் பேக்கரியில் போய்த் தேங்காய் பன் சாப்பிட்டோம்.

ஆனால் திருகின் புரி ஆறு மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்குக் கூரை ஏறுவதும் அவ்வளவே. அறுநூறு மில்லிமீட்டர் ஏற நூறு சுற்று. என் தோள்பட்டை அறுபதிலேயே அழுதது.

"தம்பி, இரட்டைப் புரி வெட்டினால் ஐம்பதில் முடியுமே?"

"முடியுங்க ஐயா. ஆனா புரி சாய்வு கூடிப்போச்சுன்னா பாரம் தானா எறங்க ஆரம்பிச்சிரும். ஒத்தைப் புரின்னா விட்ட எடத்துல நிக்கும். காரு ஜாக்கி எதுக்குங்க அத்தனை சுத்து சுத்தறோம்? அம்மா தூங்கறப்ப கூரை எறங்கலாமுங்களா?"

நூறே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உயர்ந்த கூரைக்கும் சுவருக்கும் நடுவே துணி. முதலில் லாரித் தார்ப்பாய் தைத்தோம். சோதனைக்காக நான் மட்டும் வீட்டு வாசலில் ஒரு ராத்திரி உள்ளே படுத்தேன். விடியலில் மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மழையே இல்லை. என் மூச்சுதான் குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டு நீராகியிருக்கிறது. அதைப் பிரித்துவிட்டுப் பருத்திக் கான்வாஸ் வாங்கி, மெழுகு உருக்கித் தடவித் தைத்தோம். பருத்தி மூச்சு விடும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது. முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் மனுவில் 'விதிகளில் இடமில்லை' என்று குறிப்பெழுதியவன் நான். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 2(28) பிரிவின்படி இழுவண்டியும் மோட்டார் வாகனமே. 39-ஆம் பிரிவின்படி பதிவில்லாமல் ஓட்டக்கூடாது. பதிவு செய்யப் போனால், 1989 மத்திய விதிகளில் 126-ஆம் விதி, தயாரிப்பாளர் மாதிரி வண்டியைச் சோதனை நிலையத்தில் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. ஒரே ஒரு வண்டி செய்தவன் எந்த நிலையத்துக்குப் போவது? விவரம் தெரிந்த ஒருவர் என் கோப்பை முழுதும் படித்துவிட்டு, "நீங்களே என் இடத்தில் இருந்தால் என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்டார். என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். கோப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி மறுபடி அதே 2(28)-ஐ எடுத்துப் படித்தேன். கடைசியில், மூடிய வளாகத்துக்குள் மட்டும் பயன்படுத்த அமைத்த தனி வகை வண்டி மோட்டார் வாகனத்தில் சேராது என்று இருக்கிறது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி உண்டு. ரோட்டில் இழுத்தால்தானே வண்டி? ஐச்சர் லாரியில் ஏற்றினால் சரக்கு. என் வாசிப்பு சரியா என்று வக்கீல்கள் சொல்லட்டும். சட்டையில்லாமல் உட்கார்ந்து சட்டப் புத்தகம் படித்து நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

2023 ஆடிப் பதினெட்டு அன்று வண்டியைச் சரக்காக ஏற்றிப் போனோம். நாள் குறித்தது அவள். ஆடியில் அங்கே காற்று எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தப் பக்கமெல்லாம் காற்றாலை சுற்றவைக்கும் காற்று. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் சொல்லவில்லை.

சாயங்காலம் கூரையை ஏற்றினோம். சுற்றியது நான், எண்ணியது அவள். தென்னைக்கு நடுவில் ஸ்டவ் பற்றவைத்து அரிசியும் பருப்பும் சாதம் வைத்தாள். தம்பி வீட்டு விளக்கு இருநூறடி தூரத்தில் எரிந்தது. யாரும் வெளியே வரவில்லை.

ஒரு மணி இருக்கும். காற்று பிடித்துக்கொண்டது. துணி படபடவென்று அடித்தது. வண்டி ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்குவதுபோல அசைந்தது. கூரையை இறக்க வெளியே வந்தேன். காற்று துணியைப் பலூனாக ஊத, திருகு அசைய மறுத்தது. தாடைத் தையல் போட்ட இடத்தில் எனக்கு வலி எடுத்தது, பயத்தில்தான். அவள் உள்ளே உட்கார்ந்து துணியை இழுத்து இழுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

டார்ச் வெளிச்சம் வரப்பு மேல் வந்தது. தோளில் ஒரு கட்டுக் கயிறு, கையில் கடப்பாரை. என்னைப் பார்த்து, "நகருங்க மாமா" என்றார். முதலில் நாலு மூலைக்கும் கயிறு போட்டுத் தென்னையிலும் கடப்பாரையிலும் கட்டினார். "இந்தக் காத்துல கூண்டு வண்டிக்கே கயிறு போடோணும். மரத்தைப் பாத்து நிறுத்தவேண்டாமா?" என்று என்னைத்தான் திட்டினார். பிறகு கைப்பிடியைப் பிடித்தார். அறுபத்தாறு வயசு, ஆனால் மண்வெட்டி பிடித்த கை. கொஞ்சம் சுற்றிவிட்டு மூச்சு வாங்க நின்றார்.

"இன்னும் எத்தனை சுத்து அக்கா?"

உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"முப்பத்தேழு."

மிச்சத்தை அவர் சுற்ற, அவள் உரக்க எண்ணினாள். கூரை உட்கார்ந்ததும், "வூட்டுக்கு வந்து படுங்க" என்றார். "இன்னைக்கு இங்கதான் சாமி, இன்னொரு நாளைக்கு வாறேன்" என்றாள் அவள். அவர் வற்புறுத்தவில்லை. மூடின பெட்டிக்குள் நிமிரக்கூட முடியாமல் குனிந்தபடியே போய்ப் படுத்தோம். அவள் நன்றாகத் தூங்கினாள். எனக்குத்தான் இடுப்பு.

காலையில் தூக்குப்போசியில் காப்பி வந்தது. கொண்டுவந்தது தம்பி மனைவி. டம்ளர் மூன்று இருந்தது.

வண்டியைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஐச்சர் வாடகையை நினைத்தும்தான். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், காற்று மறைவில், தம்பியே இடம் பார்த்து நிறுத்தியிருக்கிறார். போன மாதம் போன் செய்தார். செயினில் துரு ஏறியிருக்கிறதாம், கிரீஸ் எது போடுவது என்று கேட்டார். பட்டறைக்காரத் தம்பியின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.