லாகோஸ்: புகையோடு வாழும் மாநகரம்

மேற்கு ஆபிரிக்காவில், அத்திலாந்திக் சமுத்திரக் கரையில், பெரியதொரு களப்பைச் சுற்றிப் பரந்திருக்கிறது லாகோஸ் நகரம். 1991 வரை நைஜீரியாவின் தலைநகரம் இதுதான். தலைநகரம் அபுஜாவுக்கு மாறிய பின்னரும் நாட்டின் வணிக மையமாக இருப்பது லாகோஸே. இங்கு ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள்.

கடலோர நகரமாயிற்றே, காற்று சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். உண்மை வேறு. 2018ஆம் ஆண்டில் மட்டும் காற்று மாசினால் இந்நகரில் ஏறத்தாழ 11,200 பேர் அகால மரணமடைந்தனர் என உலக வங்கியின் ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களில் சுமார் அறுபது வீதமானோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

கொல்வது கண்ணுக்குத் தெரியும் தூசு அல்ல. தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துணிக்கைகள் மூச்சோடு நுரையீரலின் ஆழம் வரை சென்று இரத்தத்திலும் கலக்கின்றன. ஒரு கன மீற்றர் காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேற்படக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். லாகோஸில் அந்த ஆய்வு கூறிய அளவு 68.

இத்தனை புகை எங்கிருந்து வருகிறது? மஞ்சள் நிற 'டன்ஃபோ' வான்கள் நாள் முழுவதும் நெரிசலில் நின்று நின்று ஊர்கின்றன. அவற்றிடையே பாணும் தண்ணீர்ப் பைகளும் விற்கும் பெண்கள் நடக்கிறார்கள். சிலரது முதுகில் துணியால் கட்டிய குழந்தையும் இருக்கும்.

மாலையில் மின்சாரம் நின்றால் வீடுகளிலும் கடைகளிலும் மின்பிறப்பாக்கிகள் இரையத் தொடங்கும். அவற்றில் மிகச் சிறியதற்கு மக்கள் வைத்த பெயர் 'அயலவனைவிட நான் மேல்'. பெயரில் நகைச்சுவை இருந்தாலும், பெற்றோலும் எண்ணெயும் கலந்து எரியும் அதன் புகை அயலவன் வீட்டுக்கும் போகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை சகாராப் பாலைவனத்தின் புழுதியைச் சுமந்துவரும் 'ஹர்மட்டான்' காற்றும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

களப்பு நீரில் கால்கள் நட்டுக் கட்டிய வீடுகள் நிறைந்தது மக்கோக்கோ மீனவர் குடியிருப்பு. அங்கே ஆண்கள் மீன் பிடிக்க, பெண்கள் அதை விறகுப் புகையில் வாட்டி விற்கிறார்கள். மற்றவர்களுக்குத் தீங்காக வரும் புகை இவர்களுக்குத் தொழில். அடுப்பை அணைத்தால் அன்றைய சோறு இல்லை. எரித்தால் கண் எரிச்சலும் இருமலும். "புகையை விட்டு விலகுங்கள்" என்று இவர்களுக்குப் புத்தி சொல்வதால் என்ன பயன்?

வழி இல்லாமல் இல்லை. உலக உணவு விவசாய நிறுவனத்தின் உதவியுடன் செனகல் நாட்டின் தியாரோயில் உருவாக்கப்பட்ட மீன் வாட்டும் அடுப்பு, குறைந்த விறகில் எரிகிறது. பெண்களின் முகத்தில் படும் புகையையும் பெரிதும் குறைக்கிறது. 2023 செப்டெம்பரில் லாகோஸில் மின்சார ரயில் சேவையும் ஆரம்பமானது. இவை நல்ல தொடக்கங்கள்.

ஆயினும் தடையற்ற மின்சாரத்தையும் புகை குறைந்த வாகனங்களையும் தாய்மாரால் தனியே கொண்டுவர முடியாது. அது ஆட்சியாளரின் கடமை. உணவையும் நீரையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் தாய்க்கு, தன் குழந்தை சுவாசிக்கும் காற்றைத் தெரிவுசெய்யும் வசதி மட்டும் இல்லை.