ஒரே வாசல், ஒன்பது அடுப்பு!

கானாடுகாத்தானில் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், கொல்லைவாசல் அடுத்த தெருவில்! வாடகை வீட்டில் பக்கெட் வைக்க இடம் தேடும் நமக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

முகப்பைத் தாண்டினால் வளவு. வெயிலும் மழையும் நேரே இறங்கும் திறந்த முற்றம். தூண்கள் பர்மா தேக்கு. தரையில் ஆத்தங்குடிக் கல். சுவர்? சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது. தொட்டால் வழுக்கும், கோடையிலும் ஜில்!

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அவன் குடும்பம் ஒரு 'புள்ளி'. வீடு பொது, அடுப்பும் வரவுசெலவும் தனித்தனி. மாமியார்-மருமகள் சண்டைக்கு என்ன சாமர்த்தியமான கணக்கு பாருங்கள்!

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். செட்டியார்கள் அங்கே கொடுத்த கடனும் சேர்த்த நிலமும் கைநழுவத் தொடங்கின. இன்று ஒரு வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். ரிப்பேருக்கு எல்லாரும் சம்மதிக்கணும். இடித்து விற்கவும் அப்படியே. சில வீடுகளில் இரண்டாவதற்குத்தான் சம்மதம் சீக்கிரம் கிடைத்தது. அந்த வீட்டுத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

மிச்ச வீடுகளில், வெளியூர்ப் புள்ளிகள் கல்யாணத்துக்காவது வளவில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது, சார்!