லாட்ஜ் ரூம்ல கட்டின கோட்டை

இன்னைக்கு மருத்துவம் இல்ல மக்களே. சுகர், பிபி கேள்வியெல்லாம் நாளைக்குக் கேளுங்க, பதில் சொல்றேன். இது ஒரு கேம் பத்தின த்ரெட்.

2020. கோவிட் வார்டுல ஏழு நாள் ட்யூட்டி, அப்புறம் ஏழு நாள் லாட்ஜ் ரூம்ல தனிமை. சாப்பாட்டை வாசல்ல வெச்சு, கதவைத் தட்டிட்டுப் போயிடுவாங்க. என்கிட்ட இருந்தது ஒரு லேப்டாப், அதுல ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2.

விளையாடல. சண்டை போடத் தெம்பு இல்ல. மேப் எடிட்டரைத் திறந்தேன். அங்க எதிரி வரமாட்டான், கல் தீராது, இஷ்டத்துக்குக் கட்டலாம். கான்ஸ்டான்டினோபிள் நகரத்து மதிலை அழகுக்காகக் கட்டிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன்.

நிஜ மதில் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தது, 413-ஐ ஒட்டிக் கட்டினது. முன்னால சுமார் 20 மீட்டர் அகல அகழி. தாண்டினா ஒரு சின்ன மதில். அதுக்கும் பின்னால 12 மீட்டர் உயரத்துக்குப் பெரிய மதில், 96 கோபுரங்களோட.

எடிட்டர்ல அகழிக்கு ஒரு பட்டை தண்ணி, சாதா கல்மதில் ஒரு வரிசை, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் பெரிய மதில். உள்மதில் உயரமாத் தெரியணும்னு தரையை மேடாக்கினா, மதில் பல்லு விழுந்த மாதிரி இளிக்குது. அதைச் சரி பண்ணவே ரெண்டு மணி நேரம் போச்சு. (இந்த கேம்ல மதில் மேல ஆளை நிறுத்த முடியாதுங்கறது ஸ்கூல் காலத்துல இருந்தே எனக்குத் தீராத வருத்தம்.)

கோபுரங்களை ஒண்ணுக்கு நேர் முன்னாடி ஒண்ணா, பரேடு மாதிரி வெச்சேன். சுத்தமா இருந்துச்சு. ஆனா கொலு பொம்மை மாதிரியும் இருந்துச்சு. போன்ல நிஜ மதிலோட வரைபடத்தைத் தேடிப் பார்த்தேன். வெளிக்கோபுரங்கள் உள்கோபுரங்களுக்கு நேரா இல்ல, ரெண்டு உள்கோபுரத்துக்கு நடுவுல வர்ற மாதிரி நிக்குது. முன்னால நிக்கறது பின்னால இருக்கறவனோட குறியை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். எல்லாத்தையும் அழிச்சு மாத்தி வெச்சேன். அப்பதான் அது கோட்டையாத் தெரிஞ்சுது.

இன்னொண்ணு. படங்கள்ல அந்த மதில்ல சிவப்புப் பட்டை ஓடும். நம்ம கோயில் மதிலுக்குக் காவி அடிக்கிற மாதிரி அலங்காரம்னு நினைச்சிருந்தேன். இல்லையாம். அது செங்கல் அடுக்கு. மதிலோட கனம் முழுக்க உள்ளே போய் மொத்தத்தையும் இறுக்கிப் பிடிக்குது. 447-ல பூகம்பம் வந்து 57 கோபுரம் விழுந்துச்சு. அட்டிலாவோட படை எப்ப வருமோன்னு பயம். ரெண்டே மாசத்துல திரும்பக் கட்டிட்டாங்க.

அஞ்சாவது நாள் ராத்திரி தொண்டை கரகரன்னு இருந்துச்சு. காய்ச்சல் 100.4. காலையில ஸ்வாப் கொடுத்தேன். ரிசல்ட் மறுநாள். "கஷாயம் குடிச்சியாப்பா?"ன்னு அம்மா போன்ல கேட்டாங்க. குடிச்சேன்னேன். மத்ததைச் சொல்லல. வார்டுல அந்த வாரம் பார்த்தது எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு, தூக்கம் வரல.

திரும்ப மேப்பைத் திறந்தேன். 1453 முற்றுகையைப் படிச்சிட்டு இருந்தேன். லைகஸ் ஓடை நகரத்துக்குள்ள வர்ற இடம் பள்ளம். மெஹ்மத்தோட பீரங்கிகள் அங்கதான் அடிச்சு நொறுக்கினது. பகல்ல இடிஞ்சதை ராத்திரி ராத்திரியா மரக்கட்டை, மண்ணு, பீப்பாய்னு கிடைச்சதை வெச்சு அடைச்சிருக்காங்க. வாரக்கணக்குல. மே 29 வரைக்கும்.

நைட் ட்யூட்டி பார்த்தவனுக்கு இது புரியும்.

அதுவரைக்கும் ஒரு கீறல் இல்லாமக் கட்டியிருந்த மதில்ல, அந்தப் பள்ளத்துல மட்டும் பத்துக் கட்டத்தை இடிச்சேன். கல்குவியல் போட்டேன். ஓட்டையில மரவேலித் துண்டுகளைக் கோணல்மாணலா நட்டேன். போர் வீரன் ஒருத்தனைக்கூட வைக்கல. வில்லேஜர்ஸ்தான், ஆணும் பொண்ணுமா நாப்பது பேர். இந்த கேம்ல இடிஞ்ச மதிலைச் சரி பண்றது அவங்கதான்.

மறுநாள் மதியம் ரிசல்ட் வந்துச்சு. நெகட்டிவ். சாதாரண சளி. அப்புறம்தான் அம்மாகிட்ட சொன்னேன், நல்லா திட்டு வாங்கினேன். ஏழாம் நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்ல அடுத்த ட்யூட்டி லிஸ்ட். அதே வார்டு.

மேப் இன்னும் என்கிட்ட இருக்கு. யாருக்காவது வேணும்னா கேளுங்க, அனுப்பறேன். அகழித் தண்ணியோட நிறம் இன்னும் சரியா வரல. தெரிஞ்சவங்க திருத்திக் கொடுங்க.