பேசாத மூன்று நாள்

எட்டாம் வகுப்பில் செய்யுள் ஒன்றை உரக்கப் படித்துக் கொண்டிருந்தேன். இரண்டாம் அடியின் நடுவே என் குரல் நின்றுவிட்டது. வாய் அசைந்தது, ஒலி வரவில்லை. முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து வந்து தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். குடித்த பின்னும் வெறுங்காற்றே வெளிவந்தது. எஞ்சிய இருபது நிமிடங்களைக் கரும்பலகையில் எழுதியே கழித்தேன்.

தொண்டை மருத்துவர் கருவி கொண்டு நோக்கினார். குரல்நாண்கள் வீங்கியிருப்பதாகக் கூறினார். பெண் ஒருத்தி பேசும்போது அவை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 200 முறை அதிர்ந்து ஒன்றோடொன்று தொடுகின்றனவாம். இருபது ஆண்டுகளாக நாள்தோறும் ஆறு பாடவேளை பேசிய நாண்கள் அவை. ஓய்வு தராவிடில் வீக்கம் முடிச்சாக இறுகிவிடக்கூடும் என்று எச்சரித்தார். “மூன்று நாள் ஒரு சொல்லும் பேசாதீர்கள். கிசுகிசுப்பதும் கூடாது; அதுவும் நாண்களை வருத்தும்” என்றார்.

மாணவர்களே, அன்று எனக்கு உண்டான அச்சத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. நீங்கள் தெருவில் கன்னடம் கேட்கிறீர்கள். வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும் கேட்கிறீர்கள். வீட்டில் தமிழ் உண்டு. எனினும் செய்யுளை ஓசையோடு படித்துக் காட்டும் தமிழ், உங்களுள் பலருக்கு வாரத்தில் சில பாடவேளைகளில் மட்டுமே வாய்க்கிறது. அந்த வேளைகளில் ஒலிப்பது என் குரல். அது போய்விட்டால் நான் எதைக்கொண்டு ஆசிரியை ஆவேன்?

மூன்று நாள் மௌனம் எளிது என்று எண்ணினேன். வீட்டில் அரைநாள்கூட இயலவில்லை. மகள் கணக்கில் ஐயம் கேட்டாள். பால்காரர் பாக்கி கேட்டார். அலைபேசி ஓயாமல் அழைத்தது. சொந்த ஊராகிய அம்பாசமுத்திரத்துக்குப் போகலாமா என்று நினைத்தேன். அங்கே சித்தியும் அத்தையும் நலம் கேட்க வருவார்கள். அவர்கள் முன் வாய் திறவாமல் அமர்ந்திருந்தால் நோய் தீரும் முன்பே உறவு முறிந்துவிடும்! எனவே எவரும் என்னிடம் விடை எதிர்பாராத ஓர் இடத்துக்குத் தனியே செல்வதென முடிவு செய்தேன். அப்போது தசரா விடுமுறை. விசயதசமி முடிந்து இன்னும் சில நாள்கள் மிஞ்சியிருந்தன.

எந்த இடம்? ஒரு தாளை எடுத்து நான்கு வினாக்களை எழுதினேன். அரைநாளில் போய்ச் சேர முடியுமா? 4,000 ரூபாய்க்குள் செலவு அடங்குமா? அமைதி கிடைக்குமா? தனியாக வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பு உண்டா?

நந்தி மலை பெங்களூருக்கு 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆனால் விடுமுறைக் காலத்தில் கதிரவன் எழுவதற்கு முன்பே அங்கே ஊர்திகள் வரிசை கட்டி நிற்கும். உதகையும் குடகும் அழகானவை. பயணமும் நீளும், அறை வாடகையும் மிகும். லால்பாக் நகருக்குள்ளேயே இருக்கிறது. 240 ஏக்கர்ப் பரப்பும், ஏறத்தாழ 300 கோடி ஆண்டு முதுமை உடைய பாறையும் கொண்ட அத்தோட்டத்தில் பகல்பொழுதை வாய்மூடிக் கழிக்கலாம். மாலையில் வீட்டுக்குத் திரும்பத்தானே வேண்டும்? இப்படி ஒவ்வொன்றாய் அடித்துவிட்டபின் எஞ்சியது ஏலகிரி. வார இறுதியில் அங்கும் கூட்டம் உண்டு என்று அறிந்து, செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாள்களைத் தேர்ந்தேன். வார நாளில் அறை வாடகையும் குறைவு.

அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். சற்று நேரத்தில் அம்மாவின் குரல் பதிவாகி வந்தது. “ஏ பிள்ளை, தனியாகவா போகிறாய்? மாப்பிள்ளையோடு ஏதும் மனத்தாங்கலா?” நான் எழுதிய விளக்கத்தைக் கணவர் அம்மாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் அமைதியடைந்தார். விடுதியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வீட்டில் எழுதிவைத்தேன். பேருந்து நிறுத்தத்துக்கு அருகில், குடும்பத்தார் நடத்தும் விடுதியாகப் பார்த்து அறை பதிவு செய்தேன். திரும்பும் பயணச்சீட்டையும் முன்னரே வாங்கிக்கொண்டேன். தனிப்பயணத்துக்கு இவை இன்றியமையாதவை. நீங்கள் வளர்ந்தபின் தனியே பயணம் செய்வீர்கள். அப்போது இவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

கிருஷ்ணராஜபுரத்தில் தொடர்வண்டி ஏறினேன். இரண்டரை மணி நேரப் பயணம். அதற்குள் மூன்று மாநிலங்கள்! பங்காருப்பேட்டை வரை கருநாடகம், குப்பத்தில் ஆந்திரம், ஜோலார்பேட்டையில் தமிழகம். இந்த இருப்புப்பாதை 1864ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன்பின் தமிழர் பலர் பிழைப்புத் தேடி இவ்வழியே பெங்களூரு கண்டோன்மென்ட் பகுதிக்கு வந்தனர். பங்காருப்பேட்டையில் பிரியும் கிளைப்பாதையில் சென்று கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கியவர்களும் பலர். அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. உங்களுள் சிலருடைய பாட்டனாரும் இந்தப் பாதையில் ஒரு துணிமூட்டையோடு வந்திருக்கக்கூடும். அவர்கள் வந்த வழியில் நான் எதிர்த்திசையில் சென்றுகொண்டிருந்தேன்.

ஜோலார்பேட்டையிலிருந்து பேருந்து. “குரலுக்கு ஓய்வு, பேச இயலாது, பொறுத்தருள்க” என்று எழுதிய அட்டையை நடத்துநரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, ஏதும் கேளாமல் சன்னலோர இருக்கையைக் காட்டினார். பொன்னேரியைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்கியது. அப்பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. வகுப்பில் நான் ஆண்டுதோறும் உரக்கச் சொல்லும் பெயர்கள் பலகை பலகையாய் எதிர்வந்தன. கபிலர், ஔவையார், பாரி, அதியமான். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. அது அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. ஒவ்வொரு பெயரையும் சொல்ல உதடு துடித்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஏலகிரி கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. அத்தனாவூர், நிலாவூர், மங்கலம் முதலிய சிற்றூர்கள் அடங்கிய மலை அது. புங்கனூர் ஏரியில் அன்று படகுகள் பெரும்பாலும் கரையிலேயே கட்டிக் கிடந்தன. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. பலாமரங்களின் இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முதல் நாள் அமைதி எனக்கு இனிக்கவில்லை. வெளியே ஓசை அடங்கியதும் உள்ளே ஓசை பெருகியது. திருத்தாத விடைத்தாள்கள், நடத்தி முடிக்காத பாடங்கள், குரல் மீளாவிட்டால் என்ன செய்வது என்ற கவலை. ‘அமைதி தேடி வந்தோமே, அது எங்கே?’ என்று நொந்துகொண்டேன்.

அன்றிரவு மின்சாரம் நின்றது. முற்றத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். மழை கழுவிய வானில் பெங்களூரில் நான் ஒருநாளும் காணாத அளவு விண்மீன்கள் நிறைந்திருந்தன. அருகிலுள்ள சவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. தொலைநோக்கி நிறுவ ஏற்ற இடத்தை 1960களில் தேடியவர் வானியலறிஞர் வைணு பாப்பு. நகர வெளிச்சம் எட்டாத, தென்வானத்தையும் நன்கு காணத்தக்க ஓர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது. காவலூரைத் தேர்ந்தார். 1968இல் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கியது. யுரேனசு கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977இல் வெளிப்படுத்திய ஆய்வுகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. இன்று அந்த ஆய்வகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் நம் பெங்களூரில், கோரமங்களாவில் இருக்கிறது.

பெருநகரத்து அறிஞர்கள் வானத்தைப் பார்க்க ஒரு மலைச்சிற்றூரை நாடியது அங்கே ஏதோ மிகுந்திருந்ததால் அன்று, வெளிச்சம் குறைந்திருந்ததால். மங்கிய ஒளியும் அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படும். நானும் பேச்சுக் குறைந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். அங்கே எனக்கு எது புலப்படப் போகிறது என்று அறியாமலே உறங்கச் சென்றேன்.

விடை மறுநாள் மாலை கிடைத்தது. விடுதியை நடத்தும் மூதாட்டி வறக்காப்பி கொண்டுவந்து என் அருகில் அமர்ந்தார். முதல் நாள் என்னை வாய்பேசாதவள் என்று எண்ணிச் சைகை காட்டியவர், அட்டையைப் பேத்தி படித்துச் சொன்னபின் தயக்கம் நீங்கிப் பேசலானார். அவருடைய மூத்த மகன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறான். அவன் பிள்ளை அங்கேயே பிறந்தவன். கோடை விடுமுறைக்கு மலைக்கு வருவான்.

“போன கோடையில், ‘நாளைக்கு வெள்ளென வாடா, தேன் எடுக்கிறதைப் பார்க்கலாம்’ என்றேன் அம்மா. விடிந்து, வெயில் ஏறி, தேன் எடுத்தவர்களும் போய்விட்டார்கள். அப்புறம் வந்து நிற்கிறான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு! ‘நீதானே பாட்டி வெள்ளை என்றாய்?’ என்கிறான். விழுந்து விழுந்து சிரித்தேன். ராத்திரி படுத்தபின் அழுகை வந்துவிட்டது. அவன் என் பேரன். நான் பேசுவது அவனுக்கு விளங்கவில்லையே.”

வெள்ளென என்றால் விடியற்காலையில் என்று பொருள். பொருநைக் கரையில் என் ஆச்சியும் சொன்ன சொல் அது. வேறொரு நாளாயிருந்தால் நான் உடனே வாய் திறந்திருப்பேன், ஆறுதல் கூறியிருப்பேன், அச்சொல்லுக்கு விளக்கமும் அளித்திருப்பேன். அவர் ‘ஆமாம்’ என்று சொல்லி எழுந்து போயிருப்பார். அன்று என்னால் இயன்றது அவர் கையைப் பற்றிக்கொள்வது மட்டுமே. அதனால் அவர் மேலும் பேசினார். இருட்டும் வரை பேசினார். மழையின் வகைகளுக்கும், பலாவின் பருவங்களுக்கும், கிழங்குகளுக்கும் அவர் வைத்திருந்த சொற்களுள் பாதி நான் அறியாதவை. இருபது ஆண்டுகளாகச் சொற்களைக் கொடுத்துக்கொண்டே இருந்த நான், அன்று வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நண்பகலோடு கெடு முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு வாயிலில் நின்று, “போய் வருகிறேன், அம்மா” என்றேன். குரல் மெலிந்திருந்தது, ஆனால் உடையவில்லை. மூதாட்டி வியந்து கன்னத்தில் கை வைத்தார். “குரல் நன்றாகத்தானே இருக்கிறது! அடுத்த முறை வந்தால் நீ பேசு, நான் கேட்கிறேன்” என்றார்.

தொடர்வண்டியில் கணக்குப் பார்த்தேன். போக்குவரத்து 360 ரூபாய், அறை வாடகை 1,800, உணவு 640, ஒரு குப்பித் தேன் 250. மொத்தம் 3,050 ரூபாய். எழுதிவைத்த தொகையில் 950 ரூபாய் மிச்சம்.

பள்ளி திறந்த நாளில் கரும்பலகையில் ‘வெள்ளென’ என்று எழுதிவிட்டு அமர்ந்துகொண்டேன். “வெண்மையாக என்று பொருள், மேம்” என்றாள் ஒருத்தி. வேறு சிலரும் அதையே கூறினர். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் மெல்ல எழுந்தான். “எங்கள் ஆயா சொல்வார்கள், மேம். சீக்கிரம் எழுந்திரு என்பதற்கு” என்றான். அதுவரை வகுப்பில் தானாக ஒரு சொல்லும் பேசாத மாணவன் அவன். அனைவரும் திரும்பி அவனைப் பார்த்தனர்.

அன்றுமுதல் ஒவ்வொரு பாடவேளையிலும் முதல் பத்து நிமிடம் நான் பேசுவதில்லை. மருத்துவரும் அது நல்லது என்றார். மறுமுறை நோக்கியபோது வீக்கம் பெரிதும் வடிந்திருந்தது. அந்தப் பத்து நிமிடம் உங்களுடையது. வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் பத்து நிமிடம் ஏதும் குறுக்கிடாமல் கேட்டிருங்கள். அவர் சொல்வதில் உங்களுக்குப் புரியாத ஒரு சொல்லை எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்குப் பயணச்சீட்டு வேண்டுவதில்லை.

சென்ற வாரம் ஒருத்தி கொண்டுவந்த சொல் எனக்கும் தெரியவில்லை. அவளே எழுந்து நின்று அதன் பொருளை விளக்கினாள். நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.