கேட்டையும் தவ்வையும்

கார்த்திகை பிறந்துவிட்டால் கடையநல்லூருக்கு உறக்கம் குறைந்துவிடும். மதுரையிலிருந்து இராசபாளையம், புளியங்குடி வழியாகத் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் போகும் நெடுஞ்சாலை எங்கள் ஊரின் நடுவே செல்கிறது. இரவெல்லாம் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் சரண கோஷத்தோடு ஆரியங்காவுக் கணவாயை நோக்கி விரைந்தபடி இருக்கும். மலைக்கு இந்தப் பக்கம் அது கார்த்திகை மாதம். அந்தப் பக்கம் அதே மாதத்துக்குப் பெயர் விருச்சிகம். முழுநிலா சேரும் நாள்மீனைக் கொண்டு நாம் மாதத்துக்குப் பெயரிட்டோம்; கதிரவன் நிற்கும் இராசியைக் கொண்டு மலையாளிகள் பெயரிட்டனர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேளின் பெயர் தாங்கிய அந்த மாதத்தில் வானத்துத் தேளைப் பார்க்க இயலாது. கதிரவன் அதனிடத்தில் நிற்பதால் அவனோடு எழுந்து அவனோடு மறைந்துவிடும். தேளைக் காண ஆனி, ஆடி இரவுகளே ஏற்றவை. முன்னிரவில் தென்கிழக்கே தலைநிமிர்ந்து நிற்கும். நடுவே செந்நிறமாய் ஒரு விண்மீன்; பின்னால் தூண்டில் முள்போல் வளைந்த வால். பெயர் இருக்கும்போது பொருளைக் காணோம், பொருள் தெரியும்போது பெயர் இல்லை என்று வகுப்பில் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் இந்த இராசியோடு நமக்குள்ள வழக்கு வகுப்பறையில் தோன்றியதன்று. எங்கள் அக்கா விருச்சிக இராசி, கேட்டை நட்சத்திரம்.

ஜோதிட நூலார் மேடத்திலிருந்து எண்ணி எட்டாவதாக விருச்சிகத்தை வைப்பர். செவ்வாயின் வீடு, நீர் இராசி, பெண் இராசி, ஸ்திர இராசி. மனத்துக்குரிய சந்திரன் இங்கே நீசம் அடைகிறான். காலபுருஷனின் உடலில் இது மறைவுறுப்பு. எட்டு என்னும் எண்ணோ ஆயுளையும் மறைபொருளையும் சுட்டுவது. இவற்றைக் கூட்டியும் பெருக்கியும்தான் இந்த இராசிக்காரரின் குணங்களை எழுதுகிறார்கள். மனத்தில் உள்ளதை வெளியே காட்டார். எடுத்த காரியத்தை விடார். பட்ட காயத்தை மறவார். நாவில் கொடுக்கு உண்டு. இரகசியம் காப்பதில் இவருக்கு நிகரில்லை. வார இதழ்களின் பலன் பக்கங்களில் சிறு மாற்றங்களோடு இதுவே திரும்பத் திரும்ப வருகிறது. தேள் இடுக்கில் வாழ்கிறது, இரவில் வெளிவருகிறது, சீண்டினால் கொட்டுகிறது. அந்த விலங்கின் இயல்பு அப்படியே மனிதர்மேல் ஏற்றப்படுகிறது. இலக்கணத்தில் இதற்கு உருவகம் என்று பெயர்.

உருவகம் செய்தவர்கள் தேளிடமிருந்து எடுத்துக்கொள்ளாமல் விட்ட குணம் ஒன்றுண்டு. தேள் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும். ஈன்ற குட்டிகளை அவை முதல் தோல் உரிக்கும்வரை தன் முதுகில் ஏற்றிச் சுமந்து திரியும். எந்தப் பலன் பக்கமும் இந்த முதுகைப் பற்றிப் பேசி நாம் பார்த்ததில்லை. அக்காவை நினைத்தால் நமக்குக் கொடுக்கு நினைவுக்கு வருவதில்லை. இந்த முதுகுதான் வருகிறது. அம்மா நோயில் கிடந்த ஆண்டுகளில் நம்மைப் பள்ளிக்கு அனுப்பியவள், சோறு வடித்தவள், காய்ச்சலில் நம்மைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவள் அவளே. நம்மைவிட ஐந்து வயதுதான் மூத்தவள்.

*

மூலம் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. விசாகம் இளைய மைத்துனனுக்கு ஆகாது. கேட்டை மூத்த மைத்துனனுக்கு ஆகாது. பெண் பார்க்கும் வீடுகளில் இது வாய்ப்பாடு போலப் புழங்குகிறது. பாதம் பார்த்து விலக்குச் சொல்லும் ஜோதிடர் இல்லாமல் இல்லை. ஆனால் விலக்குகள் வாய்ப்பாட்டில் இடம்பெறுவதில்லை. 1997 முதல் 1999 வரை அக்காவுக்கு வந்த வரன்கள் மூன்று இந்த ஒரு வரியில் தட்டிப்போயின. மூன்று மாப்பிள்ளைகளுக்கும் அண்ணன்மார் இருந்தனர். நான்காவது வரன் சங்கரன்கோவிலிலிருந்து வந்தது. அவருக்கும் ஓர் அண்ணன் இருந்தார்.

ஒரு மாலை அப்பா நம்மை அழைத்தார். தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலம். வீட்டில் நம் கையெழுத்துக்குத் தனி மதிப்பு உண்டு. "பழைய நோட்டு செல்லரிச்சுப் போச்சு. புதுசா ஒண்ணு எழுதிரு. நேரத்தை மட்டும் நான் சொல்லுத மாதிரி போடு" என்றார். நோட்டு செல்லரிக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். காலை ஏழரை மணி என்றிருந்ததை விடியற்காலம் மூன்றரை என்று எழுதினோம். அன்று ஐந்து மணியளவில்தான் கேட்டை தொடங்கியிருந்தது. ஆகவே நட்சத்திரம் அனுஷம் ஆயிற்று. இலக்கினம் மாறியது. சூரிய உதயத்துக்கு முந்திய பிறப்பு என்பதால் பஞ்சாங்கக் கணக்கில் கிழமையும் ஒரு நாள் பின்னே போயிற்று. மாறாமல் நின்றது இராசி ஒன்றுதான். தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தோம். அக்கா அடுக்களை நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. 2000 தை மாதத்தில் திருமணம் நடந்தது.

2014ஆம் ஆண்டு அத்தானின் அண்ணன் மாரடைப்பில் காலமானார். ஐம்பது வயது நிறையவில்லை. சர்க்கரை நோய் இருந்தது, புகைப்பழக்கம் இருந்தது. யாரும் அக்காவைப் பழித்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர்களிடம் முகாந்திரம் இல்லை. அனுஷத்தின்மேல் அந்தப் பழி கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில், பின்வாசலில் பாத்திரங்களுக்கு நடுவே அமர்ந்திருந்த அக்கா நம்மைப் பார்த்துக் கேட்டாள்: "எய்யா, நான்தான் அவுகளைக் கொன்னுட்டேனா?"

படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் வாயடைத்து நின்றது. "பைத்தியமா உனக்கு" என்றோம். அது விடையன்று. ஊரார் பழித்திருந்தால் அவள் அழுதிருப்பாள், மறுத்திருப்பாள். அவள் பக்கம் நின்று பேச நாலு பேராவது இருந்திருப்பர். யாரும் பழிக்காத இடத்தில் தானே வழக்குத் தொடுத்துத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள். விருச்சிகத்தார் இரகசியம் காப்பவர் என்கிறார்கள். எங்கள் அக்காவுக்கு அந்த இரகசியத்தைக் கொடுத்தது செவ்வாயா, நம் பேனாவா என்பதை நண்பர்களே முடிவு செய்யலாம்.

*

அதன்பின் நாம் படிக்கத் தொடங்கினோம். தமிழாசிரியனுக்கு வேறு போக்கிடம் ஏது?

கேட்டை என்பது ஜ்யேஷ்டா என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். பொருள், மூத்தவள். அதே பெயரில் ஒரு தெய்வமும் உண்டு: திருமகளுக்கு மூத்தவள். தமிழில் அவளுக்குத் தவ்வை என்று பெயர். தவ்வை என்றால் அக்காள் என்றே பொருள். வள்ளுவர் அழுக்காறாமையில் அவளைத் தவ்வை என்கிறார். ஆள்வினையுடைமையில் முகடி என்கிறார். மூதேவி என்று இன்று நாம் வசையாகச் சொல்வதும் மூத்த தேவி என்பதன் மரூஉவே. அவளுக்குக் காக்கைக் கொடி, கழுதை ஊர்தி, பருத்த வயிறு, இருபுறமும் மகனும் மகளும். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அவளுக்குச் சிற்பம் இருக்கிறது. திருப்பரங்குன்றத்துக் குடைவரையின் 773ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பாண்டியன் நெடுஞ்சடையனின் படைத்தலைவன் சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்ததைச் சொல்கிறது. ஒரு பெண் முன்னின்று, மலையைக் குடைந்து, மூத்தவளுக்கு இடம் கொடுத்திருக்கிறாள். பின்னாளில் அவள் சந்நிதிகள் பல ஒதுக்குப்புறமாயின. பெயர் திட்டுவதற்குப் பயன்பட்டது. மூத்தவள் என்னும் பெயருள்ள நாள்மீன் மூத்தவனுக்கு ஆகாது என்பதும் சொல்லிலிருந்து பிறந்த பழியாகவே நமக்குப் படுகிறது. வானத்தில் அதற்குத் தடயம் இல்லை.

சங்க நூல்களையும் புரட்டினோம். அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்களில் திருமணம் நடக்கிறது. திங்கள் உரோகிணியைச் சேரும் நல்ல நாளைப் பார்க்கிறார்கள். மணமகள் எந்த நாள்மீனில் பிறந்தாள் என்ற பேச்சு இல்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் தலைவன் தலைவியர்க்குப் பத்துப் பொருத்தம் வகுக்கிறது: குடிப்பிறப்பு, ஆண்டு, உருவம், அருள், உணர்வு, செல்வம் என்று போகும் அந்தப் பட்டியலிலும் நாள்மீனுக்கு இடம் இல்லை. சங்கத்தார் வானுக்கு அஞ்சாதவர் என்று சொல்லவில்லை. புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு விண்மீன் விழக் கண்டு நடுங்குகிறார். ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபடுகிறான். ஆனால் அந்தச் சாவுக்காக அரண்மனையில் எந்த மருமகளின் பிறப்பையும் அவர் தேடவில்லை.

அந்தப் பாடலில் நாம் வெகுநேரம் நின்றது வேறோர் இடத்தில். அனுட நாள்மீனைப் புலவர் வளைந்த பனையாகக் காண்கிறார் என்று பழைய உரை விளக்குகிறது. தேளின் உடல் என்று வடநூலாரும் யவனரும் கண்ட வான்பகுதியில் நம்மவர் ஒரு முடப்பனையைக் கண்டிருக்கிறார்கள். யவனர் அந்தச் செம்மீனைச் செவ்வாய்க்குப் போட்டியாளன் என்றனர்; அரபியர் தேளின் இதயம் என்றனர். நம் புலவருக்கோ அங்கே பனை நின்றது. பனங்காட்டில் வளர்ந்தவர் கண்ணுக்கு வேறென்ன தெரியும்?

இன்னொன்றும் கண்டோம். விருச்சிக இராசியில் அடங்குபவை விசாகத்தின் நான்காம் பாதம், அனுஷம், கேட்டை ஆகியவை மட்டுமே. தேளின் கொடுக்கு முனையில் ஒளிரும் மீன்கள் மூலத்தைச் சேர்ந்தவை. மூலமோ தனுசு இராசி. ஆக ஜோதிடர் கணக்குப்படியே பார்த்தாலும் விருச்சிகத்துக்குக் கொடுக்கு இல்லை.

*

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குப் போனவர்கள் அறிவர். சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்கள் அரியும் அரனும் ஒன்றெனத் தெளிந்த தலம். கோமதி அம்மனின் ஆடித்தபசுக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். புற்றுமண்ணே அங்கே மருந்து. வீட்டில் விஷப்பூச்சிகளின் நடமாட்டம் இருந்தால் பாம்பு, தேள் உருவம் பொறித்த தகடுகளை வாங்கி உண்டியலில் இடுவது வழக்கம். 2014க்குப் பின் அக்கா ஒவ்வோர் ஆண்டும் ஒரு தேள் தகடு இட்டு வந்தாள். வீட்டில் தேள் ஏது என்று அத்தான் கேட்டபோது, "இருக்கட்டும், வராம இருக்கணும்லா" என்றாளாம். அவள் எந்தத் தேளை அங்கே கொண்டுபோய் விட்டு வந்தாள் என்பது நமக்கு மட்டுமே தெரியும்.

கடந்த ஆனியில் அக்காவும் அத்தானும் கடையநல்லூருக்கு வந்திருந்தனர். மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது, அன்று மேகம் இல்லை. இரவு உணவுக்குப் பின் அக்காவை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்த் தெற்கே காட்டினோம். அந்தச் செம்மீன் ஏறத்தாழ 550 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது; நீ பிறந்த அன்று இங்கே வந்து சேர்ந்த ஒளி 15ஆம் நூற்றாண்டில், தென்காசிக் கோயில் எழுந்த நூற்றாண்டில், புறப்பட்டது; உன் மைத்துனரைத் தேடி அது புறப்படவில்லை என்றோம். முடப்பனையைச் சொன்னோம். கொடுக்கு தனுசுக்குப் போன கதையையும் சொன்னோம். அவள் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "பனைன்னா நுங்கு எங்கய்யா?" என்றாள். பல ஆண்டுகளுக்குப் பின் அவள் சிரித்ததைக் கேட்டோம்.

கீழே இறங்கியபோது அத்தான் திண்ணையில் ஒரு நோட்டுடன் காத்திருந்தார். மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆயில்யம். "மாப்ளே, உங்க கையெழுத்துல ஒண்ணு எழுதிக் குடுங்க. நேரத்தை மட்டும் கொஞ்சம் முன்னபின்ன போட்டா ஆயில்யம் போயிரும். எல்லாரும் செய்றதுதானே" என்றார்.

நாம் பேனாவை எடுக்கவில்லை. அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உள்ளதை உள்ளபடி எழுதுய்யா" என்றாள் நம்மிடம். பிறகு அத்தானைப் பார்த்து, "எனக்கு அனுஷம் இல்ல. கேட்டை" என்றாள்.

தெருவில் ஒரு லாரி போய் ஓயும்வரை யாரும் பேசவில்லை. அத்தான் நோட்டை மூடினார், மறுபடி திறந்தார். "அண்ணனுக்கு டாக்டர் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தாரு. அவன் கேக்கல" என்றார். அவ்வளவுதான். அது மன்னிப்பா, ஆறுதலா, தமக்குத்தாமே சொல்லிக்கொண்டதா என்று நாம் கேட்கவில்லை. மறுநாள் காலை இருவரும் ஒரே பேருந்தில், அருகருகே அமர்ந்து ஊர் திரும்பினர்.

ஜாதகத்தை எழுதி முடித்தோம். நேரம் உள்ளபடி; நட்சத்திரம் ஆயில்யம். இந்தக் கட்டுரையும் அக்கா படித்துப் பார்த்துச் சம்மதித்த பின்பே வெளிவருகிறது. இதுவரை வந்த வரன்களில் இரண்டு, மாப்பிள்ளையின் தாயார் இருக்கிறார் என்ற காரணத்தால் விலகிப்போயின. இன்னும் எதுவும் திகையவில்லை.