நான்காம் எண் கணிப்பொறி

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் சார்பில்)

நம் பள்ளிக் கணிப்பொறி அறையின் நான்காம் எண் கணிப்பொறியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஜன்னலோரம், புனித சூசையப்பர் படத்துக்குக் கீழே இருப்பது. அக்டோபர் மாதத்தில் அது போட்ட இரைச்சல் எதிரே உள்ள ஆறாம் வகுப்பு வரை கேட்டது. அந்த இரைச்சலுக்குக் காரணம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திதான் என்று நாங்கள் சொன்னோம். பள்ளி முழுவதும் சொல்லித் திரிந்தோம் என்பதே உண்மை. நாங்கள் சொன்னது தவறு என்பதை எழுதுவதற்காகவே மலர்க் குழுவிடம் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினோம்.

காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் எங்கள் கணக்கு சிஸ்டர் படியில் வழுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பொதுத்தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சும்மா படுத்திருக்க அவருக்கு மனம் வருமா? சென்ற ஆண்டு அக்காமாருக்காகக் கரும்பலகையில் எழுதி விளக்கிப் பதிவு செய்திருந்த பாடங்களை யூடியூபில் ஏற்றச் செய்து, “மாலைப் படிப்பு நேரத்தில் தினம் ஒன்று பாருங்கள், பிள்ளைகளா” என்று சொல்லியனுப்பினார். ஒவ்வொரு பாடமும் 18 நிமிடம்.

கணிப்பொறிக்கு மூன்று பேராக உட்கார்ந்தோம். பதினோரு கணிப்பொறிகளில் சிஸ்டர் ஒழுங்காகவே பாடம் நடத்தினார். நான்காம் எண்ணில் மட்டும் அவர் குரல் முன்னே ஓட, கை பின்தங்கி நின்றது. தேல்ஸ் தேற்றத்தில் “ஆகவே” என்று அவர் முடிக்கும்போது, சாக்பீஸ் இன்னும் “கொடுக்கப்பட்டவை”யிலேயே இருந்தது. உள்ளே விசிறி மாவு மில்லைப் போல அலறியது. அங்கே உட்கார்ந்திருந்த இருவர் மெல்ல நழுவி வேறு கணிப்பொறிகளுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாமவள் மட்டும் போகவில்லை. அவள் விடுதி மாணவி. எங்களைப் போல வீட்டுக்குப் போய் அப்பாவின் கைப்பேசியில் மறுபடி பார்த்துக்கொள்ள அவளுக்கு வழியில்லை.

அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். படத்தின் ஓரத்தில் இருக்கும் பல்சக்கரக் குறியைத் தொட்டு, 480 என்று இருந்ததை 1080 ஆக்கினாள். 480இல் சிஸ்டரின் சிறிய எழுத்துகள் மங்கித் தெரிந்தன. அடுக்கு எண் 2ஆ 3ஆ என்றே புரியாது. நாங்களும் எங்கள் கணிப்பொறிகளில் 1080தான் வைத்திருந்தோம். ஆனால் “கண்டதையும் அமுக்கிக் கெடுத்துட்டா, மிஸ்” என்று கணிப்பொறி மிஸ்ஸிடம் சொல்ல எங்களுக்கு நாக்கு கூசவில்லை. பழுது பார்ப்பவர் வரும்வரை நான்காம் எண்ணைத் தொடக்கூடாது என்று மிஸ் சொல்லிவிட்டார். அவள் மறுத்துப் பேசவில்லை. பதினோரு மாலைகள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தலைகளுக்கு இடையே எட்டிப் பார்த்துக் குறிப்பு எழுதினாள்.

ஒருநாள் நல்ல மழை. பாதிப் பேர் வரவில்லை. “படத்துமேல எலியோட வலது பொத்தானை அமுக்குடி, கடைசி வரியைத் தொடு” என்றாள் எங்களில் ஒருத்தியிடம். ஏற்கெனவே இரண்டு முறை கேட்டும் நாங்கள் காதில் வாங்காததுதான். அன்று என்னவோ தொட்டுவிட்டோம். ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்னும் அந்த வரியைத் தொட்டவுடன் கறுப்புப் பெட்டி ஒன்றில் பொடி எழுத்துகள் தோன்றின. அவள் தன் நோட்டைத் திறந்து காட்டினாள். நான்காம் எண்ணில் பார்த்த கடைசி நாளிலேயே அந்தப் பெட்டியிலிருந்து எழுதி வைத்திருக்கிறாள்! அங்கே ‘வி.பி.09’ என்று இருந்தது. எங்களுடையதில் ‘ஏ.வி.சி.1’. அங்கே ஒரு நிமிடத்துக்கு வரவேண்டிய 1,800 படங்களில் 700க்கு மேல் விடுபட்டிருந்தன. எங்களுடையதில் விடுபட்டவை 3. நோட்டைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸிடம் ஓடினோம்.

மிஸ் சொன்னதைக் கூடியவரை எளிதாக எழுதுகிறோம். அசையும் படத்தை அப்படியே அனுப்பினால் எந்த இணைப்பும் தாங்காது. ஆகவே சுருக்கி அனுப்புகிறார்கள். விடுதித் தோழியருக்கு இது எளிதில் விளங்கும். ஜூன் மாதத்தில் அம்மா டிரங்குப் பெட்டியை அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நெருக்கி அடுக்குகிறாரோ அவ்வளவு சாமான் பிடிக்கும். ஆனால் இங்கே வந்து பிரித்து எடுப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கும். 2003இல் வந்த அடுக்குமுறை ஹெச்.264, ஏ.வி.சி.1 என்பது அதுதான். 2013இல் வந்தது வி.பி.9, 2018இல் வந்தது ஏ.வி.1. புதியது வர வர அடுக்கு இறுகுகிறது. பிரிக்கும் வேலையும் கூடுகிறது. பிரிப்பதற்கென்றே சில்லுக்குள் தனி உறுப்பு இருந்தால் தொல்லையில்லை. நம் கணிப்பொறிகள் 2014இல் வாங்கியவை. இன்டெல் சில்லுகளில் வி.பி.9ஐ முழுமையாகப் பிரிக்கும் உறுப்பு 2016இல் வந்த ஏழாம் தலைமுறையிலிருந்துதான் உண்டு. நம்முடையவற்றுக்கு ஹெச்.264 மட்டும்தான் கைவந்த வேலை. மற்றதை மூளையே கையால் பிரிக்கவேண்டும். அதனால்தான் டாஸ்க் மானேஜர் 100 விழுக்காடு காட்டியது, விசிறியும் அலறியது.

சரி, ஒரே நாளில் வாங்கிய பன்னிரண்டில் ஒன்றுக்கு மட்டும் ஏன் வி.பி.9 வந்தது? இதுதான் எங்களை வாயடைக்க வைத்தது. எந்தப் பெட்டியைத் தருவது என்று யூடியூப் தீர்மானிக்குமுன், “உனக்கு என்ன பிரிக்கத் தெரியும்?” என்று பிரவுசரைக் கேட்கிறது. எங்கள் பதினொன்றில் இருந்த பிரவுசர் முதலில் ஒரு சிறு துண்டைத் தானே பிரித்துப் பார்த்து, வேகம் போதாது என்று கண்டு, பழையதே போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டது. நான்காம் எண்ணுக்கு ஜூன் மாதத்தில் வட்டு மாற்றியபோது வேறொரு பிரவுசரைப் போட்டிருக்கிறார்கள். அது “எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டது. தெரியும் என்பது பொய்யல்ல. இந்த வயதான கணிப்பொறியால் முடியுமா என்றுதான் அது பார்க்கவில்லை.

படம் எல்லா பிரவுசரிலும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தோம். அப்படியில்லையாம். ஆப்பிளின் சஃபாரி 2020இல் 14ஆம் பதிப்பு வரும்வரை வி.பி.9ஐ ஏற்காததால், அதுவரை அதில் யூடியூபை 4கே தெளிவில் பார்க்க முடியாது. நெட்ஃபிளிக்ஸில் குரோம் பல ஆண்டுகள் 720ஐத் தாண்டவில்லை. அதே படம் எட்ஜிலும் சஃபாரியிலும் 1080 வரும். அங்கே காரணம் அடுக்குமுறை அல்ல, திருட்டுக்கு அஞ்சிப் போட்ட பூட்டு. மின்சாரக் கணக்கும் உண்டு. 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரே மாதிரியான மடிக்கணினிகளில் படத்தை ஓடவிட்டு, பேட்டரி தீரும்வரை பார்த்தது. குரோம் 4 மணி 19 நிமிடம், ஃபயர்பாக்ஸ் 5 மணி 9 நிமிடம், ஓபரா 6 மணி 18 நிமிடம், மைக்ரோசாஃப்ட்டின் சொந்த எட்ஜ் 7 மணி 22 நிமிடம்! தன் கடை இட்லியைத் தானே புகழ்ந்தது போலத்தான். சில நாளிலேயே ஓபராக்காரர்களும் தாங்களே ஒரு சோதனை நடத்தி, தங்களுடையதுதான் முதல் என்றார்கள். 2020இல் எட்ஜின் உள்ளுறுப்பே குரோமியமாக மாறிவிட்டதால் அந்தக் கணக்கு இன்றைக்குப் பொருந்தாது.

மறுநாள் நான்காம் எண்ணில் மிஸ் பிரவுசரை மாற்றினார். 100இல் நின்ற அளவு 30க்கும் கீழே இறங்கியது. “நானும் விசாரிக்காமல் சொல்லிவிட்டேனம்மா” என்று மிஸ் எல்லார் முன்னிலையிலும் அவளிடம் சொன்னார். ஆசிரியை சொன்ன பிறகும் நாங்கள் வாய் திறக்கவில்லை. அன்றிரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை என்பதை மறுநாள் ஒருத்திக்கொருத்தி ஒப்புக்கொண்டோம்.

காலை வழிபாட்டுக்கு முன் விடுதி வாசலில் நின்றோம். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. “எங்கமேலதான்டி தப்பு” என்று மட்டும் சொன்னோம். அவள் உடனே சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. “பதினோரு பாடம் நின்னுக்கிட்டே எழுதினேன். பாதி புரியல. முக்கோணவியல் முழுசா திரும்பப் பார்க்கணும். கூட உட்காருவீங்களா?” என்று கேட்டாள்.

அரையாண்டுத் தேர்வு வரையில் தினமும் மாலை நான்காம் எண் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எலி அவள் கையில்தான். விசிறி அடங்கியிருந்ததால், சிஸ்டர் பலகையில் எழுதும்போது சாக்பீஸ் கீச்சிடுவதுகூட நன்றாகக் கேட்டது.